மறக்க முடியவில்லையே! – வாசகர் கேள்விகளுக்கு மனநல ஆலோசகரின் பதில்கள்

மனத்தை விட்டு அகலாத பழைய நிகழ்வுகளைப் பற்றி எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் சில பத்துப் பக்கம், சில இரண்டே வரி. ஒரு கடிதத்தில் பாதிக்கு மேல் அடித்து அடித்துத் திருத்தியிருந்தது. எழுதியவர் எத்தனை முறை நிறுத்தி, மறுபடி தொடங்கியிருப்பார் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்தது. எழுதியவர்கள் யார் என்று தெரியாதபடி விவரங்களைச் சற்று மாற்றி, சில கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 43. எட்டாம் வகுப்பில், தேர்வுத்தாளில் நான் தவறாக எழுதிய ஒரு பத்தியை ஆசிரியை வகுப்பின் முன் நிறுத்தி உரக்கப் படிக்க வைத்தார். நான் படிக்கப் படிக்க எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்றும் அலுவலகக் கூட்டத்தில் ஒரு தாளைக் கையில் எடுத்துப் படிக்க வேண்டியிருந்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது, காது சூடாகிவிடுகிறது. இதைவிடப் பெரிய துன்பங்களை எல்லாம் கடந்து வந்துவிட்டேன். இந்த அற்ப விஷயம் மட்டும் ஏன் போக மறுக்கிறது? மறக்க வழி உண்டா?

பதில்: சகோதரி, அற்ப விஷயம் என்று நீங்கள் எழுதியிருப்பதைத்தான் முதலில் மறுக்க விரும்புகிறேன். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அந்த வகுப்பறைதான் உலகம். அந்த உலகம் முழுவதும் சேர்ந்து சிரித்தபோது, அதைத் தடுக்க வேண்டியவரும் சேர்ந்து சிரித்தார். நாற்பத்து மூன்று வயதின் அளவுகோலை எடுத்துக்கொண்டு போய்ப் பதின்மூன்று வயதின் காயத்தை அளந்தால் அது சின்னதாகத்தான் தெரியும். அந்த அளவுகோல் அவளுடையது அன்று.

ஏன் போகவில்லை என்பதற்கு உடல் சார்ந்த காரணம் ஒன்று உண்டு. அச்சமோ அவமானமோ தாக்கும்போது அட்ரினலின் சுரக்கிறது. அதன் விளைவாக மூளையில் அமிக்டலா என்ற சிறு பகுதி கிளர்ச்சியுற்று, "இதை நன்றாகப் பதிந்து வை" என்று நினைவைச் சேமிக்கும் பகுதிகளைத் தூண்டுகிறது. 1994இல் லாரி காஹில், ஜேம்ஸ் மெக்காவ் ஆகியோர் இதைச் சோதித்தார்கள். ஒரு சிறுவன் விபத்தில் சிக்கும் கதையைப் படங்களுடன் சிலருக்குச் சொன்னார்கள். சாதாரணமாகக் கேட்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்தும் விபத்துப் பகுதி மற்றப் பகுதிகளைவிடத் தெளிவாக நினைவிருந்தது. அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் புரோப்ரனலால் மாத்திரையை முன்னதாக உட்கொண்டவர்களுக்கோ அந்தப் பகுதி மற்றவற்றைப் போலவே மங்கியிருந்தது. அன்று உங்கள் உடம்பு உங்களைக் காப்பாற்றும் எண்ணத்தோடு அந்தக் காட்சியை ஆழமாகச் செதுக்கி வைத்திருக்கிறது. அது மனத்தின் பலவீனம் அன்று.

தொண்டை அடைப்பு அந்த ஆசிரியையின் முகத்தைப் பார்க்கும்போது வருவதாக நீங்கள் எழுதவில்லை. கையில் தாளை எடுக்கும்போது வருவதாக எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் நான் இரண்டு முறை அடிக்கோடிட்ட இடம் அது. அமிக்டலாவுக்கு நாள்காட்டி பார்க்கத் தெரியாது. தாள், நின்றுகொண்டிருக்கும் உடம்பு, எதிரே திரும்பியிருக்கும் முகங்கள் என்ற மூன்றும் ஒன்றுசேர்ந்தால், ஆண்டு எது என்று கேளாமலே அது மணியடித்துவிடுகிறது. சூடாகும் அந்தக் காது எட்டாம் வகுப்புப் பெண்ணின் காது.

இனி வழி. மறப்பது என்று நீங்கள் கேட்பது நடக்காது. அதை நம்பி ஏமாற வேண்டாம். ஆனால் நினைவு என்பது பெட்டிக்குள் பூட்டிய புகைப்படம் போன்றதும் அன்று. பிரெடெரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் 1932லேயே இதைக் காட்டினார். வட அமெரிக்கப் பழங்குடிகளின் கதை ஒன்றை இங்கிலாந்து மாணவர்களுக்குக் கொடுத்துப் பலமுறை திருப்பிச் சொல்லச் சொன்னபோது, ஒவ்வொரு முறையும் கதை சொல்பவரின் அறிவுக்கும் எதிர்பார்ப்புக்கும் ஏற்பச் சற்றே மாறிக்கொண்டு வந்தது. நாம் நினைவை எடுத்துப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுகிறோம். 2000ஆம் ஆண்டில் கரீம் நாடர், கிளென் ஷாஃபே, ஜோசப் லெடூ ஆகியோர் எலிகளிடம் செய்த ஆய்வு இதற்கு உயிரியல் ஆதாரம் ஒன்றைத் தந்தது. ஓர் ஒலி கேட்டதும் மின்னதிர்ச்சி வரும் என்று அஞ்சக் கற்றுக்கொண்ட எலிகளுக்கு மறுநாள் அந்த ஒலியைக் கேட்கச் செய்து, உடனே அமிக்டலாவில், நினைவு இறுகுவதற்குத் தேவையான புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். அதன்பின் ஒலிக்கான அச்சம் வெகுவாகக் குறைந்தது. ஒலியைக் கேட்கச் செய்யாமல் மருந்தை மட்டும் செலுத்தியபோது அச்சம் அப்படியே இருந்தது. அதாவது, எழுப்பப்பட்ட நினைவு சிறிது நேரம் இளகிய நிலையில் இருந்து, மீண்டும் இறுக வேண்டியிருக்கிறது. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. துன்ப நினைவை அழித்துத் தரும் மருந்து என்று யாரேனும் விற்க வந்தால் நம்பாதீர்கள். ஆனாலும், எழுந்து நிற்கும் நினைவோடு புதிதாக ஒன்றைச் சேர்க்க முடியும் என்ற நம்பிக்கையில் அமைந்த சிகிச்சை முறைகள் பலருக்குப் பயன்பட்டிருக்கின்றன.

அவற்றில் உங்களுக்குப் பொருந்தக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். அமைதியான ஒரு நேரத்தில் கண்ணை மூடி அந்த வகுப்பறைக்குப் போங்கள். சிரிப்புத் தொடங்கும் இடத்தில் காட்சியை நிறுத்திவிட்டு, இப்போதைய நீங்கள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவதாகக் காணுங்கள். ஆசிரியையிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பெண்ணின் கையிலிருந்து தாளை வாங்கிக்கொள்ளுங்கள்; அவளுக்கு என்ன தேவையோ அதைக் கொடுங்கள். நடந்தது மாறாது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆயினும் முப்பது ஆண்டுகளாக அங்கே தனியாக நின்றவளுக்கு ஒரு துணை வந்து சேர்கிறது. முதல் முறை அழுகை வரலாம். நான் அறிந்தவரை பலருக்கும் வந்திருக்கிறது. தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், பயிற்சி பெற்ற உளவியல் ஆலோசகரின் துணையோடு செய்வதே நல்லது.

அதோடு கூட, வீட்டில் ஒருவருக்கு முன்னால், பிறகு இருவருக்கு முன்னால், தினமும் அரைப் பக்கம் நின்றபடி உரக்கப் படியுங்கள். தாளும் நிற்பதும் முகங்களும் சேர்ந்தும் ஒன்றும் நேரவில்லை என்பதை உடம்பு பலமுறை கண்டால்தான் நம்பும். நாம் வாயால் எடுத்துச் சொன்னால் நம்பாது.

கேள்வி: பத்தாண்டுக் கால நண்பன் கூட்டுத் தொழிலில் என்னை ஏமாற்றிவிட்டுப் போய்விட்டான். பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அவனை நினைக்கவே கூடாது என்று உறுதி எடுத்திருக்கிறேன். ஆனால் இரவு படுத்ததும் படம் ஓடத் தொடங்கிவிடுகிறது. இந்த நினைப்பை நிறுத்துவது எப்படி?

பதில்: நினைக்கவே கூடாது என்ற உறுதிதான் படத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறது. 1987இல் டேனியல் வெக்னரும் அவருடைய சகாக்களும் சிலரிடம், ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருங்கள், நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்றார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த ஐந்து நிமிடம் தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட அடக்கி வைத்திருந்தவர்களுக்கே கரடி அதிகமாக வந்தது. ஒன்றை நினைக்கவில்லைதானே என்று சரிபார்க்கவே அதை நினைக்க வேண்டியிருக்கிறது அல்லவா!

ஆகவே, வந்தால் வரட்டும் என்று விடுங்கள். ஆனால் அதற்கு ஒரு நேரம் கொடுங்கள். மாலையில் அரை மணி நேரம், ஒரு நாற்காலி, ஒரு நோட்டு. இரவில் வந்தால், "நாளை மாலை பார்த்துக்கொள்வோம்" என்று ஒரு சொல்லை மட்டும் குறித்து வைத்துவிட்டுப் புரண்டு படுங்கள். முதல் சில நாள்கள் மனம் இதற்கு இணங்காது; ஓரிரு வாரங்கள் விடாமல் செய்தால் இணங்கத் தொடங்கும்.

அந்த அரை மணியில் எப்படி நினைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். "எனக்கு ஏன் இப்படிச் செய்தான், நான் ஏன் இப்படி ஏமாந்தேன்" என்று ஒரே இடத்தில் செக்குமாடு போலச் சுற்றுவது ஆறுதலைத் தருவதில்லை. அப்படி அசைபோடுவது மனச்சோர்வை நீட்டிக்கிறது என்பதை சூசன் நோலன்-ஹோக்செமா பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். அதற்குப் பதிலாக, நடந்ததை எதிர்த்த வீட்டு மாடியிலிருந்து வேறொருவர் பார்ப்பதுபோலப் பாருங்கள். அந்த மனிதர் யாரை நம்பினார், எந்த நாளில் முதல் சந்தேகம் வந்தது, அதை ஏன் ஒதுக்கினார் என்று, "நான்" என்று எழுதாமல் "அவர்" என்று எழுதிப் பாருங்கள். நீங்கள் முட்டாளாக இருந்து ஏமாறவில்லை, நட்பாக இருந்து ஏமாந்தீர்கள் என்பது அந்தத் தூரத்திலிருந்துதான் தெரியும்.

கேள்வி: மனத்தில் இருப்பதை எழுதிக் கிழித்துப் போட்டால் பாரம் இறங்கும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: கிழிப்பதா வைத்திருப்பதா என்பது உங்கள் விருப்பம், பயன் எழுதுவதில் இருக்கிறது. ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர் தங்கள் வாழ்வின் மிகத் துயரமான நிகழ்வைத் தொடர்ந்து நான்கு நாள்கள், நாளொன்றுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். எழுதி முடித்த உடனே அவர்கள் மேலும் வருத்தமாகத்தான் இருந்தார்கள். ஆனால் அடுத்த ஆறு மாதங்களில், நடந்ததோடு தாம் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவரைப் பார்க்கச் சென்ற தடவைகள், சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிடக் குறைந்திருந்தன. பின்னர் வந்த பல ஆய்வுகளில் இந்தப் பயன் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை. சராசரியாகப் பார்த்தால் சிறிய பயன்தான். செலவில்லாதது, தனியே செய்யக்கூடியது என்பதால் நான் பரிந்துரைக்கிறேன்.

எழுத்துப்பிழை பார்க்காதீர்கள், யாருக்கும் காட்டுவதற்காக எழுதாதீர்கள். என்ன நடந்தது என்பதோடு நின்றுவிடாமல், அப்போது என்ன உணர்ந்தீர்கள், இப்போது அதை எப்படிப் பார்க்கிறீர்கள் என்பது வரை போங்கள். நிகழ்வு நடந்து சில வாரங்களே ஆகியிருந்தால் பொறுங்கள். பேரிடர் நடந்த உடனே ஒவ்வொருவரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்ல வைக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அது பிற்காலப் பாதிப்பைத் தடுக்கவில்லை என்று ஆய்வுகள் காட்டியதால் இப்போது அதைப் பரிந்துரைப்பதில்லை. சொல்ல விரும்புகிறவர் சொல்லட்டும். விரும்பாதவரின் வாயைக் கிண்டக் கூடாது.

கேள்வி: சிறு வயதில் அப்பா என்னை இருட்டறையில் பூட்டி வைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் அக்காவோ, "பூட்டவில்லை, கதவைச் சாத்தினார், அவ்வளவுதான்" என்கிறாள். யார் சொல்வது சரி? நான் பொய் சொல்கிறேனா?

பதில்: இருவருமே பொய் சொல்லவில்லை. 1986 ஜனவரி 28இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, அச்செய்தியைத் தாங்கள் எப்படி அறிந்தோம் என்று மாணவர்களை உல்ரிக் நைசர் எழுதச் சொன்னார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கழித்து 44 பேரிடம் மீண்டும் கேட்டபோது, முழுவதும் சரியாகச் சொன்னவர்கள் 3 பேர்தான். 11 பேர் சொன்னதில் ஒன்றுகூடப் பழைய குறிப்போடு பொருந்தவில்லை. தவறாகச் சொன்னவர்களில் பலர் மிக உறுதியாகச் சொன்னார்கள். தங்கள் கையெழுத்தைக் காட்டியும் ஏற்காதவர்கள் உண்டு. தாழ்ப்பாள் போட்டதா, சாத்தியதா என்பதில் உங்கள் நினைவும் பிழையாகலாம், அக்காவின் நினைவும் பிழையாகலாம். மூடிய கதவுக்குப் பின்னால் இருட்டில் ஒரு குழந்தை அஞ்சி நடுங்கியது என்பதில் மட்டும் உங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அக்காவோடு தாழ்ப்பாளைப் பற்றி வாதிடுவதை விட்டு, அந்த அச்சத்தைப் பற்றிப் பேசுங்கள்.

ஓர் எச்சரிக்கை: உங்களுக்கு நினைவில்லாத பழையவற்றை ஆழ்மனத்திலிருந்து தோண்டி எடுத்துத் தருகிறேன் என்பவர்களிடம் போக வேண்டாம். நடக்காத ஒன்றையே நடந்ததாக நம்ப வைக்க முடியும் என்பதை எலிசபெத் லோஃப்டஸின் ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன.

கேள்வி: அம்மா கடைசியாக மூச்சுவிட்டபோது நான் பக்கத்தில் இல்லை. அன்று மாலை, "இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போயேன்" என்றார். காலையில் வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். நான்கு ஆண்டுகளாக அந்த ஒரு வாக்கியம் என்னைத் தின்கிறது. இருந்திருக்கலாமே என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு கடிதத்தை எடுக்க எனக்குக் கை வரவில்லை. ஏனென்றால் என்னிடமும் இப்படி ஓர் இரவு இருக்கிறது.

என் தந்தை இறந்த இரவில் நான் தொலைபேசியின் ஒலியை அணைத்து, கட்டிலருகே கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் திருப்பிப் பார்த்தபோது திரையில் 11 தவறிய அழைப்புகள் இருந்தன. முதல் அழைப்பு 2.10க்கு, கடைசி அழைப்பு 4.35க்கு. அந்த எண்களை நான் மனப்பாடம் செய்யவில்லை, தானே ஒட்டிக்கொண்டன. அதன்பின் பல ஆண்டுகள் தொலைபேசியைக் கவிழ்த்து வைக்க என் கை வந்ததில்லை. யாராவது மேசைமேல் அப்படி வைத்திருந்தால்கூட நிமிர்த்தி வைத்துவிடுவேன். மனநல ஆலோசகர் என்ற பட்டம் அந்தக் கையை ஒன்றும் செய்ய முடியவில்லை.

எனக்கு உதவிய ஒன்றைச் சொல்கிறேன். 1975இல் பாருக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் ஒரு விஷயத்தை நிறுவினார்: ஒரு நிகழ்வின் முடிவு தெரிந்துவிட்டால், அந்த முடிவு முன்பே தெரிந்திருக்கக்கூடியதாகவே நமக்குத் தோன்றும்; அப்படித் தோன்றுவதை நாம் உணர்வதும் இல்லை. அன்று மாலை உங்கள் அம்மா சொன்ன வாக்கியம், அதற்கு முன் எத்தனையோ மாலைகளில் சொல்லியிருக்கக்கூடிய வாக்கியம். எந்தத் தாய்தான் பிள்ளை கிளம்பும்போது கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லமாட்டார்? அது கடைசி வாக்கியம் ஆனது மறுநாள். மறுநாளின் வெளிச்சத்தைக் கொண்டுபோய் முந்திய மாலையில் பாய்ச்சி, "இவ்வளவு தெளிவாக இருந்ததே, பார்க்கவில்லையே" என்று உங்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். அன்று மாலை கிளம்பியவருக்கு என்ன தெரியும் என்று மட்டும் கேளுங்கள். காலையில் வருவோம் என்றுதான் தெரியும். அதில் அன்பின்மை எங்கே இருக்கிறது?

இப்படிச் சொன்னதும் குற்ற உணர்வு கரைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. அதற்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. "நான் இருந்திருந்தால்" என்று நினைக்கும் வரை, அந்த மரணம் நம் கையில் இருந்தது போன்ற ஒரு பிடிமானம் கிடைக்கிறது. அதை விட்டுவிட்டால், நம்மால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்ற வெறுமை வருகிறது. பலரும் அந்த வெறுமைக்கு அஞ்சியே குற்ற உணர்வைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நான் செய்தது இது. தந்தைக்கு ஒரு கடிதம் எழுதினேன். மன்னிப்பு கேட்டு எழுதத் தொடங்கி, மூன்றாம் பக்கத்தில் அவர் சைக்கிளில் என்னை முன்னால் உட்கார வைத்து ஓட்டியதும், அவருடைய முகவாய் என் உச்சந்தலையில் இடித்ததும் வந்து சேர்ந்தன. அந்த 11 அழைப்புகள் அவருடைய முழு வாழ்க்கையையும் மறைத்துக்கொண்டு நின்றது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உங்கள் அம்மாவிடமும் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்திருக்காது. மற்ற வாக்கியங்களையும் எழுதுங்கள். அவர் எரிச்சலாகச் சொன்னவை உட்பட. நான்கு ஆண்டுகளாகியும் வேறு நினைப்பே இல்லை என்கிறீர்களே, அது எனக்குக் கவலை தருகிறது. நீடித்த துயரத்தை உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் இப்போது தனியாகவே சேர்த்திருக்கிறது; அதற்கென்றே சிகிச்சையும் உண்டு. ஓர் ஆலோசகரை நேரில் பாருங்கள். போவது அம்மாவை விட்டுக்கொடுப்பது ஆகாது.

கேள்வி: என் உறவினர் ஒருவர் சிறு வயதில் என்னிடம் தவறாக நடந்துகொண்டார். குடும்பத்தில் எல்லோரும், "பழையதைக் கிளறாதே, மன்னித்துவிடு, அப்போதுதான் உனக்கு நிம்மதி" என்கிறார்கள். மன்னிக்காவிட்டால் எனக்கு ஆறவே ஆறாதா?

பதில்: ஆறும். மன்னிப்பு ஒரு வழி. ஒரே வழி அன்று. தானாக வந்தால் சிலருக்கு அது பெரும் விடுதலையைத் தருகிறது. பிறர் கட்டாயத்தால் வாய்விட்டுச் சொல்லும் மன்னிப்போ, அன்று உங்கள் வாயை அடைத்த அதே கையை இன்று நீங்களே உங்கள் வாயில் வைத்துக்கொள்வதாகும்.

மன்னிப்பைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த ராபர்ட் என்ரைட் போன்றவர்களே, மன்னிப்பு வேறு, மீண்டும் உறவாடுவது வேறு என்று பிரித்துச் சொல்கிறார்கள். மன்னித்தவர்களும் அந்த மனிதரின் வீட்டு வாசலை மிதிக்க வேண்டியதில்லை, சட்டப்படி நடவடிக்கை எடுக்கவும் தடையில்லை. "பழையதைக் கிளறாதே" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் தங்கள் நிம்மதியைத்தான் காக்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். நீங்கள் சொன்னதை ஒருவராவது அப்படியே நம்பிக் கேட்க வேண்டும். ஆறுதல் அங்கேதான் தொடங்கும். குடும்பத்தில் அப்படி ஒருவர் இல்லாவிட்டால் வெளியே தேடுங்கள். இப்போது நான் ஒருவன் நம்புகிறேன். நடந்ததில் உங்கள் தவறு துளியும் இல்லை. அந்த நபர் இன்றும் குழந்தைகள் இருக்கும் இடத்தில் இருக்கிறார் என்றால், உங்களை மௌனமாக இருக்கச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் என் கணவர் ஒரு சாலை விபத்தில் உயிர் பிழைத்தார். உடம்பு தேறிவிட்டது. ஆனால் இன்னும் காரில் ஏற மறுக்கிறார். பிரேக் சத்தம் கேட்டால் வியர்த்து நின்றுவிடுகிறார். இரவில் அலறி எழுகிறார். கேட்டால், "ஒன்றுமில்லை, விடு" என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அம்மா, காலம் ஆற்றும் என்று இனியும் காத்திருக்க வேண்டாம். உயிருக்கு ஆபத்தான நிகழ்வுக்குப் பின் சில வாரங்கள் இப்படி இருப்பது இயல்பு. பெரும்பாலோர் தாமாகவே மீண்டுவிடுகிறார்கள். உலக மக்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் வாழ்வில் ஒருமுறையாவது இத்தகைய அதிர்ச்சிக்கு ஆளாகிறார்கள் என்றும், அவர்களில் சுமார் 5.6 விழுக்காட்டினருக்கே நீடித்த பாதிப்பு உண்டாகிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒரு மாதத்தைத் தாண்டியும் இவை நீடித்தால் அதற்குப் பெயர் உண்டு: அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இது தனி நோயாக இடம்பெற்றது. அதற்கு முன் இதைக் கோழைத்தனம் என்று எத்தனையோ பேரை உலகம் ஏசியிருக்கிறது. உங்கள் கணவரும் தம்மை அப்படித்தான் உள்ளூர ஏசிக்கொண்டிருப்பார்; "ஒன்றுமில்லை" என்பதன் பொருள் அதுதான் என்று நினைக்கிறேன்.

இதற்கு நல்ல சிகிச்சை உண்டு. அதிர்ச்சியை மையமாகக் கொண்டு, எண்ணங்களையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும், கண்களை இடமும் வலமுமாக அசைத்தபடியே நினைவை அணுகும் ஈ.எம்.டி.ஆர். முறையையும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது. பலருக்கு எட்டு முதல் பதினைந்து சந்திப்புகளில் நல்ல மாற்றம் தெரிகிறது. தூக்க மாத்திரையை மட்டும் வாங்கிக் கொடுத்து நாள்களைக் கடத்தாதீர்கள். அது வேரைத் தொடுவதில்லை.

இரவில் அலறி எழும்போது சட்டென்று பிடித்து உலுக்க வேண்டாம். விளக்கைப் போடுங்கள், அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், இது வீடு, இன்று என்ன கிழமை என்று மெல்லச் சொல்லுங்கள். பாதத்தைத் தரையில் ஊன்றச் சொல்லுங்கள். கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். விபத்தைப் பற்றி அந்த நேரத்தில் கேட்க வேண்டாம். பகலில், "உங்களுக்குப் பைத்தியம் என்று நான் நினைக்கவில்லை, உடம்பு இன்னும் அந்தச் சாலையிலேயே நிற்கிறது, அதைக் கூட்டிக்கொண்டு வர ஒருவர் வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். வர மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் போய் மருத்துவரைப் பாருங்கள். "செத்திருக்கலாம்" என்ற பேச்சு எப்போதாவது எழுந்தால் அதைக் கோபத்தில் சொன்னதாக ஒதுக்காமல், அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: எல்லாம் சரியாகிவிட்டது என்று இரண்டு ஆண்டுகள் நிம்மதியாக இருந்தேன். சென்ற மாதம் திடீரென்று முதல் நாள் போலவே வலித்தது. பட்ட பாடெல்லாம் வீணா?

பதில்: வீணில்லை. அச்சம் தணிவது என்பது பழைய பாடம் அழிவதன்று, அதன்மேல் புதிய பாடம் படிவது. அதனால்தான் பழையது எப்போதாவது மேலே எட்டிப் பார்க்கும். ஓர் ஒலிக்கு எச்சில் ஊறப் பழகிய நாய்களிடம், மறைந்த அந்தப் பழக்கம் தானே மீண்டும் தலைகாட்டுவதை ரஷ்ய அறிஞர் பாவ்லோவ் கண்டிருக்கிறார். சென்ற மாதத் தேதியைப் பாருங்கள். அந்த நிகழ்வு நடந்த மாதமா? தூக்கம் குறைந்திருந்ததா, வேறு ஏதும் இழப்பு நேர்ந்ததா? பெரும்பாலும் ஏதாவது ஒன்று தட்டுப்படும். இந்த முறை அந்த வலி எத்தனை நாள் நீடித்தது என்று குறித்து வையுங்கள். முன்பு எத்தனை மாதம் நீடித்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே தேதி வரும்போது தனியாக இராமல், விஷயம் தெரிந்த ஒருவரை முன்னதாகவே அழைத்து, அன்று மாலை உங்களோடு நடக்க வரச் சொல்லுங்கள்.